குழந்தைகளின் பழைய துணி: கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரு முழு வழிகாட்டி

என் மூத்தவள் பிறந்து நாற்பது நாள் இருக்கும். உறவுக்காரர் ஒருவர் மலேசியாவின் பினாங்கில், கெலுகோரில் உள்ள எங்கள் பிளாட்டுக்கு வந்தார். பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றை வாசலில் வைத்து, "எல்லாம் நல்ல துணிதான், பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். லிஃப்ட் கதவு மூடும்வரை சிரித்த முகத்தோடு நின்றேன். பையை அவிழ்த்தால் மேலே நான்கு அழகான கவுன். அதற்குக் கீழே பல் உதிர்ந்த ஜிப், பால் கறை மஞ்சளாகிப்போன பனியன், ஜோடியில்லாத காலுறை ஏழு, அடியில் பெரியவர்கள் துவட்டும் துண்டு ஒன்று. எல்லாவற்றிலும் பாச்சை உருண்டை வாடை. மாமியார் எட்டிப் பார்த்தார். "நம்ம வீடு என்ன குப்பைத் தொட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கொண்டுவந்தவர் கெட்டவர் இல்லை. அலமாரியைக் காலி செய்ய வேண்டும், எங்களுக்கும் உதவ வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டார். அதற்கப்புறம் பத்து வருஷமாக நானும் வாங்கியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன், இரண்டிலும் சொதப்பியும் இருக்கிறேன். மனக்கசப்பு வந்ததெல்லாம் இந்த இரண்டும் கலந்துபோன இடத்தில்தான்.

பழந்துணி நமக்கு ஒன்றும் புதிதல்ல. பல வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது தாத்தாவின் நைந்த வேட்டித் துணியைத்தான். புதுத்துணி எல்லாம் பிறகு. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி பச்சைக் குழந்தையின் தோலுக்கு இதம். நீண்ட நாள் வாழ்ந்தவர் துணி பிள்ளைக்கு ஆயுள் என்ற நம்பிக்கையும் உண்டு. ஏணை கட்டுவதும் பழைய சேலையில்தான். இங்கே அதை ஸ்பிரிங்கில் மாட்டித் தொங்கவிடுகிறோம், அவ்வளவுதான். பழசு என்பதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. அது வந்து சேர்ந்த விதத்துக்குத்தான் சுளிக்கிறார்கள்.

முதல் படி: தனியாகக் கேளுங்கள்

துணியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் கேட்க வேண்டும். அதுவும் தனியாக. தண்ணீர்மலைக் கோயில் படியிலோ கல்யாண மண்டபத்திலோ நாலு பேர் நடுவில் "எங்க வீட்ல நிறைய பழைய சட்டை இருக்கு, உன் பையனுக்கு வேணுமா?" என்று கேட்டால், அவரால் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டும் என்று சொல்லவும் கூச்சம். வாட்ஸ்அப் இதற்கு நல்ல வழி. முகம் பார்க்காமல் யோசித்துப் பதில் சொல்லலாம்.

நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அண்ணி, சின்னவனுக்குப் பத்தாம போன சட்டை பன்னிரண்டு இருக்கு, நாலு வயசு அளவு. படம் அனுப்பியிருக்கேன். வேணும்ங்கிறத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த கீழ் மாடி அக்கா கேட்டிருக்காங்க." இதில் முக்கியமானது அந்தக் கடைசி வரி. அண்ணி வேண்டாம் என்றாலும் துணி வீணாகாது, எனக்கும் வருத்தமில்லை என்று அது சொல்லிவிடுகிறது. கீழ் மாடி அக்கா உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பிள்ளையின் அம்மாவிடம் கேளுங்கள். மாமியார் வழியாகக் கொடுத்தனுப்பினால் அது பரிசாகப் போகாது, உத்தரவாகப் போய்ச் சேரும். "அவ கொடுத்தாளே, ஏன் போட மாட்டேங்கிற?" என்று அந்த வீட்டில் ஒரு வருஷம் ஓடும்.

பிள்ளைத்தாச்சியிடம் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதையும் வீட்டுக்குள் கொண்டுவராத குடும்பங்கள் இங்கே நிறைய. நீங்கள் அதை நம்பாதவராக இருக்கலாம். துணி போகப்போவது அவர் வீட்டுக்கு. "எடுத்து வச்சிருக்கேன், எப்ப வேணுமோ அப்ப சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பையை உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள். பேறுகாலம் நல்லபடி முடிந்து, அவர்களாகவே கேட்கும்போது கொடுக்கலாம். முன்பு ஒரு குழந்தையை இழந்தவரிடம் நாமாகப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

இரண்டாம் படி: ஜன்னல் வெளிச்சத்தில் பிரியுங்கள்

ராத்திரி டியூப்லைட்டில் பிரித்தால் கறை தெரியாது. பகலில், ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்று குவியல்: கொடுப்பது, சரி செய்து கொடுப்பது, கொடுக்காதது. எதை எதில் போடுவது என்று குழப்பம் வந்தால் என்னை நானே கேட்பது இதுதான்: காலையில் பாலர் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிற நேரத்தில் இந்தச் சட்டையை எடுத்துப் போடுவேனா, தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பேனா? தள்ளுவேன் என்றால் மூன்றாம் குவியல்.

உள்ளாடை கொடுப்பதில்லை, அக்கா தங்கைக்குள் என்றால் அது அவர்கள் பாடு. கால்சட்டை இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். கிரக் என்று நொறுங்கும் சத்தம் கேட்டால் அது செத்துவிட்டது. மாற்றித் தைக்க வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்த காலணியையும் நம்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சிலவகை அடிப்பாகம் தானாகவே மக்கிவிடும். பார்க்கப் புதிது போல இருக்கும், பிள்ளை பத்தடி நடந்ததும் மாவாக உதிரும். சிறு பிள்ளைகளின் சட்டைக் கழுத்திலும் தொப்பியிலும் கயிறு இருந்தால் உருவிவிடுங்கள், சறுக்குமரத்தில் மாட்டி இறுக்கக்கூடியது அது. ஆடுகிற பட்டனைத் தைத்துவிடுங்கள், அது வாய்க்குள் போகும்.

துணியோடு சேர்த்து கார் இருக்கையும் கை மாறுவது உண்டு. மலேசியாவில் 1.1.2020 முதல் காரில் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பதால் இதைக் கேட்பவர்களும் அதிகம். விபத்தில் சிக்கிய இருக்கை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். அதன் வரலாறு முழுசாகத் தெரிந்த வீட்டிலிருந்து மட்டும் வாங்குங்கள்.

மூன்றாம் குவியலை யாருக்கோ தள்ளிவிடப் பார்க்காதீர்கள். பருத்தி என்றால் நல்ல தரைத்துணி. மற்றது மறுசுழற்சித் துணிப்பெட்டிக்குப் போகட்டும்.

மூன்றாம் படி: துவைப்பது, அப்புறம் அந்தப் பாச்சை உருண்டை

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள். நம் துணி கந்தையில்லை, ஆனாலும் கசக்கத்தான் வேண்டும். "எடுத்து வைக்கும்போதே துவைச்சதுதான்" என்பது கணக்கில் வராது. பால் கறை ஒரு தந்திரக்காரி: துவைத்ததும் போனமாதிரி இருக்கும், ஆறு மாதம் மடித்து வைத்தால் கழுத்தைச் சுற்றி மஞ்சளாகத் திரும்ப வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

கறுப்புப் புள்ளி விழுந்த துணி வேறு கதை. மிளகைத் தூவினமாதிரி சின்னச் சின்னதாக இருக்கும். மலாய்க்காரர்கள் தஹி லாலாட் என்பார்கள். அது பூஞ்சை. ஈரம் முழுசாகக் காயாமல் மடித்து வைத்ததன் பலன். லேசாக இருக்கும்போதே விடாவிட்டால் அப்புறம் விடாது. மழை மாதங்களில் கொடிக்கயிற்றை நம்பாமல் தாமானுக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதிதோறும்) இருக்கிற டோபிக்குத் தூக்கிக்கொண்டு போய், சூடான டிரையரில் போட்டு எடுப்பதே நல்லது. வீட்டில் யாருக்காவது சொறி சிரங்கு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, முழுசாகக் குணமான பிறகு வெந்நீரில் துவைத்துக் கொடுங்கள்.

இப்போது அந்த வாடைக்கு வருகிறேன். பாச்சை உருண்டை, அந்துருண்டை, கடையில் கேட்டால் உபாட் கேகாட். கைக்குழந்தைத் துணியில் இது வேண்டவே வேண்டாம், இதில் மட்டும் நான் யாரோடும் சமாதானம் பேசுவதில்லை. மலேசிய மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து ஜி6பிடி என்ற நொதிக்கான சோதனை செய்கிறார்கள். அந்த நொதி குறைவாக உள்ள பிள்ளைகள் உண்டு, ஆண் பிள்ளைகளில் அதிகம். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால் அவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம், மஞ்சள் காமாலை கடுமையாகலாம். உருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றியதாலேயே இப்படி ஆன குழந்தைகள் உண்டு. உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வாங்கப்போகும் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஒரு தடவை துவைத்தால் வாடை முழுசாகப் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. அந்த வாடை அடிக்கிற துணியைப் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், வந்தால் போடாதீர்கள். எடுத்து வைக்க நன்றாகக் காய்ந்த துணியும் மூடி இறுகிய பெட்டியும் போதும். என் அம்மா காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுவார்.

மறுபடியும் அந்தக் கறுப்புப் பை ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. மாமியார் கோபத்தில் ஒரு வாரம் அதைப் பால்கனியிலேயே போட்டுவைத்தார். நல்லதாகப் போயிற்று.

நான்காம் படி: அளவு எழுதி ஒட்டுங்கள்

சின்ன வேலை, பெரிய உதவி. ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகக் கட்டி, மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். லேபிளை அப்படியே நம்பாமல், உங்கள் பிள்ளை எந்த வயதில் போட்டது என்று எழுதுவது மேல்: "லேபிள் 2 வயசு, ஒன்றரையிலேயே சரியாக இருந்தது". 90, 100, 110 என்று எண் போட்ட துணிகள் பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்பவை, அதில் குழப்பம் குறைவு. ஐந்து வருஷத்துக்கான துணியை ஒரே நாளில் கொண்டுபோய் இறக்காதீர்கள். பிளாட்டில் வைக்க இடம் எங்கே? அடுத்த ஆறு மாதத்துக்கு ஆகிறதை மட்டும் கொடுத்து, மிச்சத்தை உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: பை, நாள், வாசல்

கறுப்புக் குப்பைப் பை கூடாது. உள்ளே பட்டே இருந்தாலும் குப்பை என்றுதான் கண் சொல்லும். பினாங்கில் 2011 முதல் கடைகளில் இலவச பிளாஸ்டிக் பை இல்லாததால் எல்லார் வீட்டிலும் துணிப்பை மலைபோலக் கிடக்கிறது. அதில் நல்லதாக ஒன்றை எடுங்கள், அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். மேலாக ஒரு புதுப் பொருள் வையுங்கள். ஒரு கைக்குட்டை, ஒரு பாக்கெட் காலுறை, பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) எதுவானாலும் சரி. "உனக்காக நினைத்து எடுத்தேன்" என்பதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்காது.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து எதையும் கொடுக்காதவர்கள், விளக்கு வைத்தபின் வாங்காதவர்கள் உண்டு. சனிக்கிழமை காலை பதினோரு மணி என்றால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. பிறந்தநாள் விருந்துக்கோ தீபாவளிக்கோ பழைய துணியைக் கொண்டுபோகாதீர்கள், அது பரிசுகளோடு ஒப்பிடப்படும். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வருகிறவர் என்றால் தம்பி கையில் கொடுத்தனுப்பலாம், தப்பில்லை. ஆனால் முன்கூட்டியே ஒரு செய்தி.

ஆறாம் படி: கொடுத்தபின் மறந்துவிடுங்கள்

பண்டில் கடையில், அதாவது பழந்துணிக் கடையில், ஐந்து வெள்ளிக்கு வாங்கிய சட்டையை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லும் அதே ஆள், சொந்தக்காரர் கொடுத்த சட்டையை மறைப்பார். ஏன்? கடையில் காசு கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிட்டது. சொந்தத்தில் அது முடிவதே இல்லை, யாராவது ஒருநாள் சொல்லிக்காட்டுவார்கள் என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். "இது நாங்க கொடுத்ததுதானே?" என்று சாதாரணமாகக் கேட்பதும் சொல்லிக்காட்டுவதுதான். அந்தச் சட்டை ஏன் போடவில்லை என்று கேட்பது, படம் அனுப்பச் சொல்வது, வெட்டிச் சின்னதாக்கியதைப் பார்த்து முகம் வாடுவது, எல்லாம் அதே வகை. அவர்கள் அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், தரைத்துணியாக்கலாம். விற்றால்கூட உங்களுக்குப் பேச்சில்லை.

திரும்ப வேண்டும் என்றால் அது வேறு விஷயம், கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். "இந்த மூணு மட்டும் எனக்குத் திரும்ப வேணும், மிச்சம் எல்லாம் உனக்கு" என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று: பிள்ளை போடுகிற துணி கிழியும், கறைபடும். கிழிந்தால் நெஞ்சு வலிக்கும் என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மகள் பிறந்து வீட்டுக்கு வந்தபோது போட்டிருந்த முதல் சட்டை என் அலமாரியில்தான் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுத்ததில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

வீட்டு வேலைக்கு வருகிறவருக்கோ கொண்டோ துப்புரவுப் பணியாளருக்கோ கொடுக்கும்போது இதே ஒழுங்குகள் இரண்டு மடங்கு கண்டிப்பு. அவர்களால் உங்களிடம் வேண்டாம் என்று சொல்லவே முடியாது. அவர் பிள்ளைகளின் வயதைக் கேளுங்கள், பையைத் திறந்து காட்டி, பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஏழாம் படி: வாங்குபவர் செய்ய வேண்டியது

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பார்ப்பேன், கொடுத்தவர் போனபிறகு. ஒவ்வொன்றையும் உதறி, முகர்ந்து, பட்டனை இழுத்துப் பார்த்து, மறுபடி ஒருமுறை துவைத்துத்தான் போடுவேன். சிலர் மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள், சிலர் உப்பு சுற்றிப் போடுவார்கள். செய்யுங்கள், கொடுத்தவர் கண்ணுக்கு முன்னால் மட்டும் செய்யாதீர்கள்.

அன்றைக்கே ஒரு நன்றி அனுப்புங்கள். பொதுவாக "தேங்க்ஸ் கா" என்பதைவிட ஒரு துணியைச் சொல்லி அனுப்பினால் நீங்கள் பையைப் பிரித்தது தெரியும்: "அந்த யானை போட்ட சட்டைய கழட்டவே விட மாட்டேங்கிறான்." பதிலுக்கு எதுவும் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கை சும்மா இருக்காது என்றால் முறுக்கு ஒரு டப்பா போதும்.

வேண்டாம் என்றால் பை வீட்டுக்கு வருவதற்கு முன்பே சொல்லுங்கள். "அக்கா, அலமாரில இடமே இல்ல, இந்த அளவு நிறைய வந்திருச்சு" என்பது உண்மையாகவும் இருக்கும், யாரையும் குத்தாது. "என் பிள்ளைக்குப் பழசு போடறதில்ல" என்பது உங்கள் உரிமை, ஆனால் அதை அந்த வார்த்தையில் சொன்னால் பத்து வருஷத்துக்கு நிற்கும்.

பட்டுப் பாவாடை என்னும் தனி விவகாரம்

சாதாரணச் சட்டையை யார் போட்டார்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் நினைவிருக்காது. பட்டுப் பாவாடை அப்படியில்லை. ஒரு தீபாவளிக்குப் போட்டு, அடுத்ததற்குள் சிறிதாகிவிடுகிற துணி. கை மாற வேண்டிய துணி என்றால் அதுதான் முதலில். ஆனால் படமெல்லாம் அதில்தான் எடுத்திருப்போம்.

என் அண்ணன் மகளின் கத்தரிப்பூ நிறப் பாவாடை, தங்கப் பார்டரில் மயில். அண்ணி பிரியமாகக் கொடுத்தார். உள்மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்கி, மேல்சட்டைக்கு வேறு பட்டன் வைத்து, மகளுக்குப் போட்டு, அவர்கள் வீட்டுத் தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் மகள் வந்து நின்று, விரலை நீட்டி, "அது என்னோட பாவாடை" என்றாள். கூடத்தில் முப்பது பேர். என் மகள் குனிந்து மயிலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அண்ணி "ஆமாடி, இப்ப பாப்பாவோடது" என்று சிரித்துச் சமாளித்தார். ஆனாலும் என் மகள் சாப்பிடும்வரை பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள், யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல.

தப்பு ஆறு வயதுப் பிள்ளையுடையது இல்லை. அவளைக் கேட்காமல் அவள் துணியைக் கொடுத்திருக்கிறோம், என் மகளிடமும் சொல்லாமல் போட்டுவிட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் துணி என்றால் அந்தப் பிள்ளையையே எடுத்துக் கொடுக்கச் சொல்கிறோம். வாங்குகிற பிள்ளையிடம், இது அக்கா போட்டது, அவளுக்குச் சின்னதாகிவிட்டது, உனக்குக் கொடுத்திருக்கிறாள் என்று முன்பே சொல்லிவிடுகிறோம். அப்புறம், கொடுத்த வீட்டு விசேஷத்துக்கே அந்த உடையில் போகும் முதல் வருஷம் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.

பள்ளிச் சீருடை

இதில் கூச்சமே தேவையில்லை, எல்லாப் பிள்ளையும் ஒரே நிறம்தான். ஆரம்பப் பள்ளியில் ஆண்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும், பெண்பிள்ளைக்குக் கருநீலப் பினஃபோர். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பையன்களுக்குப் பச்சைக் கால்சட்டை, ஆகவே ஆறாம் ஆண்டு முடித்த வீடுகளில்தான் கால்சட்டை தாராளமாகக் கிடைக்கும். 2026-இல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கு வந்துவிட்டதால் நவம்பர் கடைசியிலேயே கேட்டுவைப்பது நல்லது. வெள்ளைச் சட்டை அதிகம் தேறாது, அக்குளும் காலரும் காட்டிக்கொடுத்துவிடும். பினஃபோரும் கால்சட்டையும் மூன்று பிள்ளைகள் வரை தாங்கும். பள்ளி விளையாட்டு இல்லத்தின் (அணியின்) டி-சட்டை வாங்குவதற்கு முன் நிறத்தைக் கேளுங்கள். உங்கள் மகன் மஞ்சள் இல்லமாக இருந்தால் சிவப்புச் சட்டை வீட்டில் தூங்கப் போடத்தான் ஆகும்.

பெயர்ப்பட்டையைக் கொடுப்பவர்தான் பிரிக்க வேண்டும். கத்தரியால் இழுக்காமல் ஊசி நுனியால் ஒவ்வொரு தையலாகத் தூக்குங்கள், இல்லையென்றால் துணியில் ஓட்டை விழும். பிரித்த இடம் மட்டும் கொஞ்சம் புதுசாக, அடர்ந்த நிறத்தில் தெரியும். கவலையில்லை, அடுத்த பெயர் அதே இடத்தில்தான் வரப்போகிறது.